தடுப்பு ஆட்டம்: ரோபோ போட்டியில் எங்கே நிற்பது, எப்போது நிற்கவே கூடாது

ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது எங்கள் ரோபோவின் கை உடைந்தது. சரிசெய்ய நேரமில்லை. "சரி விடுங்க, டிஃபென்ஸ் ஆடிடலாம்" என்றான் களத்துக்கு வெளியே நின்று ரோபோவை ஓட்டும் டிரைவர். எல்லாரும் தலையாட்டினோம். இரண்டரை நிமிட ஆட்டம் முழுக்க எங்கள் ரோபோ எதிரணியின் சிறந்த ரோபோவின் பின்னாலேயே ஓடியது. ஒருமுறைகூட அதற்கு முன்னால் போய் நிற்கவில்லை. மூன்று ஃபவுல் வாங்கினோம். நாங்கள் தோற்ற வித்தியாசம் அந்த ஃபவுல்களால் கொடுத்த புள்ளிகளைவிடக் குறைவு.

பெரும்பாலான மாணவர் அணிகள் தடுப்பு ஆட்டத்துக்கு வந்து சேர்வது இப்படித்தான். வேறு எதுவும் ஓடாதபோது, யோசிக்காமல், கடைசி நேரத்தில். தடுப்பதை ஒரு திட்டமாக எடை போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. போட்டிக்கு முந்தைய வாரமே உட்கார்ந்து எப்படிக் கணக்குப் போடுவது, களத்தில் எங்கே நிற்பது, எப்போது அந்த யோசனையையே கைவிடுவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலும் எஃப்.ஆர்.சி (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷன்) என்னும் பள்ளி மாணவர் போட்டியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்: பொருள்களை எடுத்து இலக்கில் போட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டம், மூன்று ரோபோ கொண்ட கூட்டணிகள் இரண்டு, சுமார் 8 மீட்டர் அகலமும் 16 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள களம். வெக்ஸ் வி5 போன்ற இரண்டுக்கு இரண்டு போட்டிகளுக்கு எது மாறும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

படி 1: விதிப்புத்தகத்தைக் களப்படமாக மாற்றுங்கள்

ஒவ்வொரு பருவமும் ஆட்டம் புதிது என்பதால் தடுப்பு விதிகளும் புதிது. போன வருடம் கற்றுக்கொண்டதை நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு சின்ன உதாரணம். எதிரி ரோபோவை நகர விடாமல் அழுத்தி வைப்பதற்கு 'பின்' என்று பெயர். எஃப்.ஆர்.சியில் 2024இல் பின் செய்ய 5 வினாடி அனுமதி இருந்தது. 2025இல் அது 3 வினாடி ஆனது. விட்டு விலகும்போது சுமார் 1.8 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பழைய ஐந்து வினாடிப் பழக்கத்தோடு 2025இல் ஆடிய டிரைவருக்கு ஒவ்வொரு பின்னும் ஒரு ஃபவுல்தான்.

2019 ஆட்டத்தில், எதிரணியின் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஒரு ரோபோவுக்கு மேல் போய்த் தடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. வேறு ஆண்டுகளில் அப்படி இல்லை. 2024இல் எதிரணி ரோபோ தன் மேடையைத் தொட்டுக்கொண்டு நின்றால் அதை நாம் தொடக் கூடாது. பொருள் எடுக்கும் இடம், கடைசியில் ஏறித் தொங்கும் இடம் போன்றவற்றைச் சுற்றிப் பெரும்பாலான ஆண்டுகளில் ஏதாவது ஒரு பாதுகாப்பு வட்டம் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, ஒரு பெரிய தாளில் களத்தை வரைவது. எதிரியைத் தொட்டாலே ஃபவுல் விழும் இடங்களைச் சிவப்பில் தீட்டுங்கள். தொடலாம், ஆனால் கவனம் தேவை என்னும் இடங்கள் மஞ்சள். மீதி வெள்ளை. தடுப்பவர் வாழப்போவது அந்த வெள்ளையில்தான். பல ஆட்டங்களில் அது நினைப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். சில ஆட்டங்களில் வெள்ளை முழுக்க நடுக்களத்தில்தான் இருக்கும், இலக்கை ஒட்டி ஒன்றுமே இருக்காது. அப்படியென்றால் இலக்குக்கு முன்னால் நின்று காவல் காக்கும் யோசனை அங்கேயே செத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் தெரிந்துபோனது நல்லதுதான்.

இன்னும் இரண்டு விதிகளை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இரண்டு ரோபோக்கள் சேர்ந்து ஆட்டத்தின் முக்கியமான ஓர் இடத்தை மொத்தமாக அடைத்துவிடக் கூடாது. எதிரியை விதி மீற வைப்பதையே நோக்கமாகக் கொண்ட ஆட்டமும் கூடாது. எதிரி ரோபோவைக் கவிழ்ப்பது, அதன் சட்டத்துக்கு உள்ளே கையை நுழைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். பம்பரும் (ரோபோவைச் சுற்றியுள்ள மெத்தைப் பட்டை) பம்பரும் மோதலாம். அதைத் தாண்டிய மோதல் ஒவ்வொன்றும் ஃபவுலுக்கு ஒரு படி பக்கம்.

படி 2: கழித்தல் கணக்கு

இதைத்தான் பல அணிகள் செய்வதே இல்லை. தடுப்பு ஆட்டத்தின் மதிப்பு ஒரு கழித்தல்: எதிரியிடமிருந்து எவ்வளவு பறித்தோம், அதற்காக நாம் போட்டிருக்கக்கூடிய எவ்வளவை விட்டோம், ஃபவுலாக எவ்வளவு கொடுத்தோம்.

எதிரியின் வேகத்தை அளக்க சைக்கிள் நேரம் வேண்டும். ஒரு பொருளை எடுத்து, கொண்டுபோய், போட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பும் வரை ஆகும் நேரம் அது. ஸ்கவுட்டிங் செய்யும், அதாவது மற்ற அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் மாணவர்கள் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்.

உதாரணமாக, எதிரியின் சைக்கிள் 12 வினாடி, ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 120 வினாடியில் 10 சைக்கிள், 40 புள்ளி. நம் தடுப்பு ஒவ்வொரு சைக்கிளிலும் 6 வினாடி தாமதம் உண்டாக்குகிறது என்றால் சைக்கிள் 18 வினாடி ஆகிறது. அப்போது 6 அல்லது 7 சைக்கிள், சுமார் 27 புள்ளி. பறித்தது 13.

நம் ரோபோ சும்மா இல்லாமல் தன் வேலையைச் செய்திருந்தால்? 24 வினாடிக்கு ஒரு சைக்கிள், 120 வினாடியில் 5 சைக்கிள், 20 புள்ளி. 20ஐ விட்டு 13ஐப் பறித்திருக்கிறோம். நஷ்டம். நம் சைக்கிள் 40 வினாடி என்றால் நாம் விடுவது 12தான். ஆனால் ஒரே ஒரு ஃபவுல் அந்த லாபத்தைக் கரைத்துவிடும்.

இப்போது எதிரியை மாற்றிப் பாருங்கள். சைக்கிள் 8 வினாடி. 15 சைக்கிள், 60 புள்ளி. அதே 6 வினாடித் தாமதம் சேர்ந்தால் 14 வினாடி, 8 அல்லது 9 சைக்கிள், சுமார் 34 புள்ளி. பறித்தது 26. தாமதம் அதே ஆறு வினாடிதான், இழப்பு இருமடங்கு. வேகமான ரோபோவுக்குத்தான் தடுப்பு அதிகம் வலிக்கும். 30 வினாடிக்கு ஒன்று போடும் ரோபோவைத் துரத்துவது வீண் வேலை. அது தன்னைத்தானே தடுத்துக்கொண்டிருக்கிறது.

ஃபவுலின் விலையும் வருடா வருடம் மாறுகிறது. எஃப்.ஆர்.சியில் 2023இல் சாதாரண ஃபவுலுக்கு 5, பெரிய ஃபவுலுக்கு 12 புள்ளி எதிரணிக்குப் போனது. 2024இல் அதுவே 2, 5 என்று இறங்கியது. அந்த ஆண்டின் விலையைக் கணக்கில் போட்டு, ஒரு ஆட்டத்துக்கு இத்தனை ஃபவுல் வரை தாங்கும் என்று ஓர் எண்ணை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அதைத் தாண்டியதும் கோச் "போதும், திரும்பு" என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் சூட்டில் அதை முடிவு செய்ய முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் இன்னொன்று: நம் ரோபோ தனியாக 20 புள்ளி போடும் என்பது காகிதத்தில்தான். கூட்டணியில் ஏற்கெனவே இரண்டு நல்ல ரோபோக்கள் ஒரே இலக்கில், ஒரே இடத்தில் பொருள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், மூன்றாவதாக நாம் நுழைவது அவர்கள் வழியில் நிற்பதுதான். நாம் 20 போட்டு அவர்கள் 10 இழந்தால், உண்மையில் நாம் சேர்த்தது 10. மூன்றாவது ரோபோவைத் தடுக்க அனுப்புவது பல கூட்டணிகளுக்குச் சரிப்பட்டு வருவதற்கு இதுதான் காரணம். இரண்டுக்கு இரண்டு போட்டியில் ஒரு ரோபோவை முழுநேரமாகத் தடுப்புக்கு அனுப்பினால் கூட்டணியில் பாதி போய்விடும். வெக்ஸ் களம் ஒரு பக்கம் 3.66 மீட்டர்தான். அங்கே தடுப்பு என்பது முழுநேர வேலையாக இல்லாமல், பொருள் எடுக்கப் போகும் வழியில் ஓர் இடி, ஒரு குறுக்கு நிற்றல் என்று துண்டு துண்டாக நடப்பதே சரி.

படி 3: எந்த ஆட்டத்தில் என்று பார்த்தல்

தகுதிச்சுற்றில் வெற்றியோடு தரப்புள்ளிகளும் முக்கியம். குறிப்பிட்ட அளவு பொருள் போட்டால், கடைசியில் ஏறித் தொங்கினால் தனித் தரப்புள்ளி கிடைக்கும். ஆட்டத்தை வென்றும் அவற்றைத் தவறவிட்டால் பட்டியலில் கீழே போவீர்கள். அதனால் தகுதிச்சுற்றில் தடுப்பைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபில் வென்றாயா, தோற்றாயா என்பது மட்டுமே. கணக்கு அங்கே தலைகீழாகிறது.

ஆனால் தகுதிச்சுற்றில் ஒரு ஆட்டத்திலாவது தடுத்துக் காட்டுங்கள். காரணம் கூட்டணித் தேர்வு: பிளேஆஃபுக்கு முன்னணி அணிகள் தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பது. எட்டுக் கூட்டணி, ஒவ்வொன்றிலும் மூன்று ரோபோ என்றால் 24 ரோபோக்கள். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டு வரை, இரண்டாம் சுற்றில் எட்டிலிருந்து ஒன்று வரை தேர்வு நடக்கும். அதாவது முதலிடக் கூட்டணி தன் மூன்றாவது ரோபோவை எல்லாருக்கும் கடைசியாக எடுக்கிறது. அதற்குள் புள்ளி குவிக்கும் ரோபோக்கள் தீர்ந்திருக்கும். அவர்கள் தேடுவது ஃபவுல் வாங்காமல் தடுக்கத் தெரிந்த, நடுவில் செத்துப்போகாத ஒரு ரோபோவை. நடுத்தர ரோபோ உள்ள அணிக்கு இது பெரிய கதவு. காட்டாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

படி 4: யாரைத் தடுப்பது

மிகச் சிறந்த ரோபோவைத் தடு என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். நான் அதை ஏற்பதில்லை. அதிகம் போடும் ரோபோ ஒன்று, தடுத்தால் அதிகம் இழக்கும் ரோபோ இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை.

எங்கிருந்து வேண்டுமானாலும் எறியக்கூடிய, எறியும் பகுதி மட்டும் தனியே சுழலும் டரட் உள்ள ரோபோவை இடித்து ஒன்றும் ஆகாது. நீங்கள் தள்ளத் தள்ள அது எறிந்துகொண்டேயிருக்கும். டரட் இல்லாமல் உடல் முழுவதையும் திருப்பிக் குறிவைக்கும் ரோபோ வேறு. 5 மீட்டர் தூரத்திலிருந்து எறியும்போது அதன் உடல் 3 டிகிரி திரும்பினாலே பந்து 26 சென்டிமீட்டர் விலகிப்போகும். ஆக எறியும் நொடியில் அதன் மூலையில் ஒரு சின்னத் தட்டு போதும். பலம் தேவையே இல்லை. நடுவில் இடித்தால் அது பின்னால் போகும், மூலையில் தட்டினால் சுழலும். குறி தவற வைப்பது சுழற்சிதான்.

இலக்கை ஒட்டி நின்று மட்டுமே போடத் தெரிந்த ரோபோவும் நல்ல இரைதான். ஆனால் அந்த இடம் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட வட்டத்துக்குள் இருக்கும். அதை அங்கே தொட முடியாது. போகும் வழியில்தான் பிடிக்க வேண்டும். வழி ஒன்றே ஒன்று என்றால் அதிர்ஷ்டம்.

ஸ்கவுட்டிங் தாளில் சைக்கிள் நேரத்தோடு இந்த மூன்றையும் குறித்துவிடுங்கள்: எங்கிருந்து போடுகிறது, எந்த வழியாகப் போகிறது, இடித்தால் டிரைவர் என்ன செய்கிறார். கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். இடிபட்டதும் கோபப்பட்டுத் திருப்பி மல்லுக்கட்டும் டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மல்லுக்கட்டும் ஒவ்வொரு வினாடியும் நமக்கு லாபம். இடிபட்டதும் அமைதியாகச் சுற்றிக்கொண்டு போகும் டிரைவரைத் தடுப்பது பாதி வேலைக்குத்தான் ஆகும்.

படி 5: எங்கே நிற்பது

வழிகாட்டியின் மையம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

புது டிரைவர் எதிரி ரோபோவின் அருகில் போய் நிற்பார். கண்ணுக்கு அது சரியாகத் தெரியும். ஆனால் அங்கே நின்றால் எதிரி எவ்வளவு ஓடுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு நாமும் ஓட வேண்டும். கணக்கைப் பாருங்கள். எதிரி இலக்கிலிருந்து 6 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் 30 டிகிரி சுற்றி வர முயல்கிறது. அது 3.1 மீட்டர் போக வேண்டும். நாம் இலக்கிலிருந்து 5 மீட்டரில் நின்றால் அதை மறிக்க 2.6 மீட்டர் ஓட வேண்டும். 2 மீட்டரில் நின்றால் 1 மீட்டர் சொச்சம் போதும். மெதுவான ரோபோகூட வேகமான ரோபோவை மறிக்க முடிவது இதனால்தான்.

ஆகவே விதி எளிது: எதிரிக்கும் அது போக வேண்டிய இடத்துக்கும் நடுவே, போகும் இடத்துக்குப் பக்கமாக நில். எவ்வளவு பக்கம்? படி 1இல் தீட்டிய சிவப்பு வட்டத்தின் ஓரம் வரை. அதற்குள்ளே எதிரியைத் தொட்டாலே ஃபவுல் என்பதால், ஓரத்திலிருந்து அரை ரோபோ அகலம் வெளியே நிற்பது பாதுகாப்பு. தள்ளப்பட்டால் உள்ளே போய்விடக் கூடாது.

அடுத்தது இடுக்கு. களத்தில் தூண், சுவர், மேடை என்று ஏதாவது இருந்தால் அவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கும். பம்பரோடு சேர்த்து ரோபோவின் அகலம் சுமார் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியின் நடுவில் நாம் நின்றால் இரண்டு பக்கமும் மிச்சமுள்ள இடம் சமமாகப் பிரியும். எதிரி நுழைய அதற்கும் 90 சென்டிமீட்டர் வேண்டும். ஆக 2.7 மீட்டருக்குக் குறைவான எந்த இடைவெளியிலும், நந்தி மாதிரி நடுவில் அசையாமல் நின்றாலே எதிரி தள்ளாமல் போக முடியாது. களப்படத்தில் 2.7 மீட்டருக்குக் குறைந்த இடைவெளிகளை எல்லாம் வட்டமிடுங்கள். எதிரி தன் வழியில் அவற்றைத் தாண்டியே ஆக வேண்டுமா, சுற்றிப்போக வேறு வழி உண்டா, அந்தச் சுற்று எத்தனை வினாடி என்று பாருங்கள். சுற்று வழி 4 வினாடி அதிகம் என்றால், யாரையும் தொடாமலேயே ஒவ்வொரு சைக்கிளுக்கும் 4 வினாடி சம்பாதித்துவிட்டீர்கள். தொடாத தடுப்புக்கு ஃபவுல் விழுவது அபூர்வம்.

இடுக்கில் நிற்பதில் இன்னொரு லாபம்: அந்த வழியே வரும் மூன்று எதிரிகளையும் ஒரே ரோபோ தாமதப்படுத்தலாம். இந்த ஆட்டம் தனி ஆளைக் கண்கொத்திப் பாம்பாகப் பின்தொடரும் ஆட்டத்தைவிடச் சலிப்பானது. மாணவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஸ்கோர்போர்டுக்குப் பிடிக்கும்.

தனி ஆளைப் பின்தொடர்வது எப்போது? எதிரணியில் ஒரே ஒரு ரோபோதான் புள்ளி குவிக்கிறது, மற்ற இரண்டும் சுமார் என்றால். அல்லது களம் திறந்தவெளி, இடுக்கே இல்லை என்றால்.

பொருள் எடுக்கும் இடத்தில் போய் நிற்பது கவர்ச்சியான யோசனை. எதிரி எடுக்கவே முடியாவிட்டால் போடவே முடியாதே! ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பு. மேலும் அது பல ஆட்டங்களில் களத்தின் மறுகோடியில், நம் டிரைவரிடமிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரத்தில் இரண்டு பம்பர்களுக்கு நடுவே இருப்பது ஐந்து சென்டிமீட்டரா ஐம்பதா என்று கண்ணுக்குத் தெரியாது. டிரைவருக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் தடுப்பது, கொள்கையளவில் சிறந்த இடத்தில் தடுப்பதைவிடப் பலமுறை நல்ல பலன் தந்திருக்கிறது.

பந்தின் பாதையை மறிப்பது தனி வகை. 2013 எஃப்.ஆர்.சி ஆட்டத்தில் சில அணிகள் களத்தின் ஒரு கோடியிலிருந்தே மறுகோடிக்குத் தட்டுகளை எறிந்தன. அதற்குப் பதிலாக உயரமான தடுப்பை ஏந்திய ரோபோக்கள் வழியில் போய் நின்றன. ஆனால் இதற்கு ரோபோவைக் கட்டும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். உயர வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

படி 6: உங்கள் சக்கரங்கள் தாங்குமா

தள்ளுவதற்கு மோட்டார் பலம் முக்கியம் என்று நினைப்பது தவறு. வரம்பு தரையில் சக்கரத்தின் பிடி. 2025 விதிப்படி ரோபோ 52 கிலோ, அதன் மேல் பேட்டரி, பம்பர் சேர்த்துச் சுமார் 65 கிலோ. கார்ப்பெட்டில் உராய்வுக் கெழு 1.1 என்று எடுத்தால் அதிகபட்சத் தள்ளுவிசை 700 நியூட்டன் அளவில்தான். அதற்கு மேல் எவ்வளவு மோட்டார் போட்டாலும் சக்கரம் வழுக்கும். பெரும்பாலான அணிகள் எடை வரம்பை ஒட்டியே கட்டுகின்றன. அதனால் நேருக்கு நேர் தள்ளினால் பெரும்பாலும் சமநிலைதான். சக்கரத்துக்குப் பிடி தரும் மேல்பட்டையான டிரெட் தேய்ந்தவர் தோற்பார். போட்டிக்கு முன் டிரெட்டை மாற்றுங்கள்.

வகைவாரியாகச் சொன்னால், விளிம்பில் சாய்ந்த உருளைகள் கொண்ட மெக்கானம் சக்கரத்தோடு தடுக்க இறங்காதீர்கள். அதன் உருளைகளால் தள்ளினால் நகர்ந்துவிடும். எல்லாச் சக்கரமும் பிடியுள்ள டேங்க் டிரைவ் (இடது, வலது பக்கச் சக்கரங்களைத் தனித்தனியே ஓட்டித் திரும்புவது) நேராகத் தள்ள நல்லது, பக்கவாட்டிலும் எளிதில் நகராது, ஆனால் தன் பக்கவாட்டுத் திசையில் ஓடி மறிக்க முடியாது. அதை எதிரி ஓடும் திசைக்கு இணையாக நிறுத்தாமல், தன் முன்னும் பின்னும் போவதே எதிரியின் குறுக்கு ஓட்டத்தை மறிப்பதாக அமையும்படி நிறுத்த வேண்டும். சுருக்கமாக, குறுக்கே நின்று ஷட்டில் அடிப்பது.

ஸ்வெர்வ், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே திரும்பி எந்தத் திசையிலும் ஓடும் எதிரியைத் தள்ளுவது வீண். நீங்கள் முட்டியதும் அது பக்கவாட்டில் வழுக்கி உங்கள் பம்பரை உரசிக்கொண்டு சுழன்று போய்விடும். அதோடு ஆடும்போது முட்டாமல் முன்னால் இருங்கள். தொட்டால் பம்பரின் முழு அகலமும் பொருந்தித் தொட வேண்டும், மூலையால் தொட்டால் அது சுழன்று தப்பிக்க நீங்களே உதவுகிறீர்கள். உங்களிடம் ஸ்வெர்வ் இருந்தால் நான்கு சக்கரங்களையும் எக்ஸ் வடிவில் திருப்பிப் பூட்டும் ஒரு பட்டனை டிரைவருக்குக் கொடுங்கள். இடுக்கில் நிற்கும்போது யாரும் எளிதில் நகர்த்த முடியாது.

பேட்டரியை மறக்க வேண்டாம். தள்ளிக்கொண்டே நின்றால் மோட்டார்கள் சுழலாமல் மின்சாரத்தை விழுங்கும். 12 வோல்ட் பேட்டரி 6, 7 வோல்ட் வரை இறங்கும்போது கட்டுப்பாட்டுக் கணினி மோட்டார்களை நிறுத்திவிடும். ரோபோ விக்கி விக்கி நகரும். டிரைவ் மோட்டார்களுக்கு மின்னோட்ட வரம்பு போடுங்கள், தடுப்பு ஆட்டத்துக்கு எப்போதும் முழுதாக ஏறிய பேட்டரியையே வையுங்கள். 2 வினாடிக்கு மேல் சமநிலைத் தள்ளல் நீடித்தால் விட்டுவிட்டு முன்னால் போய் நிற்பது நல்லது.

படி 7: பயிற்சி, குரல்

கைவசம் இரண்டு ரோபோ இருந்தால் நல்லது. பழைய வருட ரோபோவைத் தூசு தட்டி எடுங்கள். கயிறு கட்டிச் சிவப்பு வட்டத்தைக் குறியுங்கள். ஒருவர் 60 வினாடி தடுப்பே இல்லாமல் சைக்கிள் ஓட்டட்டும், எண்ணுங்கள். பிறகு அதே 60 வினாடி தடுப்போடு. ஐந்து முறை மாற்றி மாற்றி. 60ஐச் சைக்கிள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சைக்கிளின் நேரம் கிடைக்கும்; அந்த இரண்டு சராசரி நேரங்களின் வித்தியாசம்தான் உங்கள் உண்மையான தாமதம். படி 2இல் நான் ஊகித்த 6 வினாடிக்குப் பதில் இதைப் போடுங்கள். முதல் நாளில் எங்களுக்கு வந்தது ஒன்றரை வினாடி. சிரிப்புதான் வந்தது. இரண்டு வாரத்தில் ஐந்தைத் தொட்டோம். ரோபோவில் ஒரு போல்ட்கூட மாற்றவில்லை, நிற்கும் இடத்தை மட்டுமே மாற்றினோம்.

தொடாமல் தடுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 வினாடிக்கு எதிரியைத் தொடாமலே அதற்கு முன்னால் இருக்க வேண்டும். தொட்டால் அவுட். கார் ஓட்டுபவருக்குக் காலில் பழக்கம் வருவது போல் நம் டிரைவருக்குக் கையில் பழக்கம் வரும்.

கோச்சின் வார்த்தைகள் குறைவாக இருக்கட்டும். எங்களிடம் நான்குதான்: "முன்னே", "விடு", "மாறு", "வீட்டுக்கு". 'பின்' தொடங்கியதும் கோச் சத்தமாக "ஒண்ணு" என்பார். "ரெண்டு" என்ற சொல் முடிவதற்குள் டிரைவரின் கட்டைவிரல் பின்னால் போயிருக்க வேண்டும். நடுவர் தன் எண்ணிக்கையை எப்போது தொடங்கினார் என்பது நமக்குத் தெரியாது. அதனால் 3 வினாடி விதியில் இரண்டிலேயே விடுவதுதான் எங்கள் வழக்கம். ஒரு ஆட்டத்தில் கோச் "ரெண்டு" என்றபோது டிரைவரின் விரல் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன், பையன் எதிரி ரோபோவை அல்ல, ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தடுப்பு டிரைவருக்கு ஸ்கோர் சொல்லும் வேலை கோச்சுடையது.

"மாறு" என்றால் அடுத்த எதிரியிடம் போ. முதல் எதிரி ஏற்கெனவே இலக்கை அடைந்துவிட்டது என்றால் அதைத் தொடர்வதில் பயனில்லை, அது சிவப்பு வட்டத்துக்குள் இருக்கிறது. ஃபவுல்கள் அதிகம் விழுவது இந்த நொடியில்தான்: தோற்றுவிட்ட துரத்தலை விடாமல் தொடர்வது. அது போடும் நேரத்தில் நீங்கள் போய் அது திரும்பும் வழியில் நில்லுங்கள். "வீட்டுக்கு" என்றால் கடைசி வினாடிகளில் நம் பக்கம் வந்து ஏறித் தொங்கு. தடுப்பில் மூழ்கிப்போய் இந்தப் புள்ளிகளைக் கோட்டைவிடும் அணிகள் நிறைய. திரும்பி வர எத்தனை வினாடி ஆகும் என்று அளந்து, அதோடு ஐந்தைக் கூட்டி, கோச்சின் கையில் எழுதி ஒட்டுங்கள்.

படி 8: எதிரி உங்களைத் தடுத்தால்

இது சுருக்கம். மேலே சொன்னதைத் தலைகீழாகப் படியுங்கள். மல்லுக்கட்டாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தைத் தொட்டபடி போடப் பழகுங்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் வேறு வழி எடுங்கள். உங்கள் மூன்றாவது ரோபோ சும்மா இருந்தால், தடுப்பவனுக்கும் உங்கள் சிறந்த ரோபோவுக்கும் நடுவே அது வந்து நிற்கட்டும். தடுப்பவனைத் தடுப்பதும் தடுப்புதான், அதற்கும் அதே ஃபவுல் விதிகள்.

படி 9: ஆட்டம் முடிந்ததும்

அணி ரோபோவைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குத் திரும்பியதும் டிரைவர் தண்ணீர் குடிப்பதற்குள் மூன்று எண்களை எழுதிவிடுங்கள்: தடுக்கப்பட்ட ரோபோ அதற்கு முந்தைய ஆட்டங்களில் சராசரியாக எத்தனை சைக்கிள் போட்டது, இன்று எத்தனை போட்டது, நாம் எத்தனை ஃபவுல் புள்ளி கொடுத்தோம். "நல்லா டிஃபென்ஸ் ஆடினோம்" என்று எல்லாரும் உற்சாகமாக இருந்த ஓர் ஆட்டத்தில் எங்கள் தாளில் இருந்தது: 9, 8, 10. ஒரு சைக்கிளைப் பறிக்கப் பத்துப் புள்ளி கொடுத்திருந்தோம். அடுத்த ஆட்டத்தில் அதே ரோபோ, அதே டிரைவர், இடுக்கில் போய் நின்றோம். எழுதியது: 9, 6, 0. அந்தத் தாளைக் கிழித்து டிரைவர் ஸ்டேஷன் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறோம்.